உன் படத்துக்குப் பின்னால் எரிந்த சிவப்பு விளக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதுகிறாள். இங்கே மூன்று பேரும் சௌக்கியம், அம்மாவின் கழுத்து வலி மட்டும் மழை வந்தால் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது, அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள் என்பதை ஒரு பக்கமாவது எழுது, போனில் நல்லா இருக்கோம்பா என்று நீ சொல்வதையெல்லாம் நான் பதிலாகச் சேர்த்துக்கொள்வதில்லை. நீ வரும் தேதி உறுதியானதிலிருந்து அம்மா சலவை நிலையத்தில் பகல் முழுக்கத் துவைத்தது போதாதென்று வீட்டுக்கு வந்தும் திரைச்சீலைகளைத் துவைத்துக்கொண்டிருக்கிறாள். பழைய வண்டியில் குழந்தையை ஏற்ற மாப்பிள்ளை யோசிக்கிறார் என்று எழுதியிருந்தாய், அது நியாயம்தான். முன் சக்கரங்களுக்குப் பெரிய பிரேக் டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்க நல்ல பேட், பழைய ரப்பர் குழாய்களுக்குப் பதிலாக எஃகு வலை பின்னிய குழாய், புது பிரேக் ஆயில், எல்லாம் போட்டாகிவிட்டது, இப்போது மிதித்தால் வண்டி ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. நாளை ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஏற்றிக்கொண்டு மேட்டுச் சாலை வழியாகக் கீழே இறங்கிக் குழந்தைக்குக் கட்டில் பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன், அந்த இறக்கத்தில் பிரேக்கையும் சோதித்துப் பார்த்த மாதிரி இருக்கும். நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே, ரயிலடிக்கு அப்பாவே வந்து நிற்பேன்.

அக்கா, அப்பா சொன்னது இதோடு முடிந்தது. இனிமேல் எழுதுவது நான். இதற்குக் கீழே பெரிய எழுத்தில் ஆசீர்வாதம் எழுதி அப்பா கையெழுத்துப் போட இடம் விட வேண்டும், அதை அவர் எனக்குச் சொல்வதுகூட இல்லை, ஒவ்வொரு மாதமும் ஒரே மாதிரிதான் என்பதால் என்னிடமே விட்டுவிடுவார். காலையில் கிளம்பும்போது காப்பி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுப் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். ஒருமுறை ஏன் படிக்க மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டதற்கு, நீ எழுதினா சரியாத்தான் இருக்கும் என்றார், அன்றைக்கு அது எனக்குப் பெரிய பரிசு மாதிரி இருந்தது.  இப்போது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது, சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இருக்கிற சின்ன பல்பை மட்டும் போட்டுக்கொண்டு எழுதுகிறேன், அப்பாவின் குறட்டை கேட்கும்வரை பயமில்லை, அது நின்றால் பேனாவையும் நிறுத்திவிடுகிறேன்.

உனக்கு ஒன்று தெரியாது. நம் காரில் எட்டு மாதமாகச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட விளக்கு, வேகம் காட்டும் முள்ளுக்கு இடது பக்கத்தில் இருக்குமே அதுதான். கை பிரேக்கை விட மறந்துவிட்டோம் என்று முதலில் நினைத்தார், விட்டும் எரிந்தது, பிறகு சென்சார் கோளாறு, சும்மா கண்ணைக் குத்துது என்றார். அப்போதுதான் நீ பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்தில் மிச்சம் ஒன்றை அம்மா அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள், அப்பா அதை அந்த முள்ளை மூடியிருக்கிற கண்ணாடியின் மேல் ஒட்டினார், சரியாக அந்த விளக்கின் மேல். பெரியவளைப் பார்த்துக்கிட்டே ஓட்டினா மெதுவாத்தான் ஓட்டுவேன் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். தினமும் காலையில் என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவது அந்த வண்டியில்தான். பனிக்காலத்தில் இருட்டாக இருக்கும்போது உன் முகத்துக்குப் பின்னால் சிவப்பாக எரியும், உன் கன்னம் வெட்கப்பட்ட மாதிரி தெரியும். எட்டு மாதம் உன்னைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். நீ ஒரு நாளாவது என்னைப் பார்த்தாயா என்று கேட்கக்கூட முடியாது, படம்தானே.

ஊருக்கெல்லாம் லிஃப்ட்டைச் சோதிக்கிறவர் அப்பா. ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒரு விரற்கடை கூடக் குறைய நின்றால் அன்று வீட்டுக்கு வராமல் அங்கேயே உட்கார்ந்துகொள்கிறவர். லிஃப்டில் பிரேக் எப்போதும் பிடித்தபடியே இருக்கும், மின்சாரம் வந்தால்தான் விடும், அதனால் கரண்ட் போனாலும் விழாது, காரில் அது தலைகீழ், நாம் மிதித்தால்தான் பிடிக்கும், அதனால் காரைத்தான் நம்பக் கூடாது என்று எனக்கே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் எட்டு மாதம் அந்த விளக்கை உன் படத்தால் மூடி வைத்து என்னை ஏற்றிக்கொண்டு போனார். நடுவில் சக்கரத்திலிருந்து சட்டியைச் சுரண்டுகிற மாதிரி சத்தமும் வந்தது, ரேடியோவைச் சற்று ஏற்றி வைத்துக்கொண்டார். உன் கடிதம் வந்த அன்று, குழந்தையோடு வருகிறேன் என்று நீ எழுதியிருந்த அன்று, சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போய் உன் படத்தை நகத்தால் மெதுவாகக் கிழியாமல் உரித்தார், மறுநாள் லீவு போட்டுவிட்டு வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். எனக்கு எரிந்தால் சென்சார் கோளாறு, உனக்கு எரிந்தால் லீவு. கோபப்படாதே அக்கா, இதை எழுதினால்தான் மற்றதை எழுத முடியும்.

மெக்கானிக்கை நீ பார்த்ததில்லை, நீ போன பிறகு திறந்த கடை. எதைக் கேட்டாலும் மெதுவா பண்ணலாம் சார் என்பார், அதனால் அப்பா அவருக்கு மெதுவா என்றே பெயர் வைத்துவிட்டார். மெதுவா சக்கரத்தைக் கழற்றிப் பழைய பேடைக் கையில் எடுத்து அப்பாவிடம் காட்டினார், தேய்வதற்கு அதில் ஒன்றுமே பாக்கி இல்லை, வெறும் இரும்பு, அது டிஸ்க்கில் உழவு ஓட்டி வைத்திருந்தது. பேட் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்கும் சார், அதைத்தான் விளக்கு சொல்லிக்கிட்டே இருந்திருக்கு, நீங்க காதுல வாங்கலை என்றார். பிறகு என்னைப் பார்த்து, இந்தப் பாப்பா தினமும் இதுலயா போச்சு என்று கேட்டார். அப்பா அவரிடம், இருக்கிறதிலேயே நல்ல பிரேக் எது, பெரிய பொண்ணு பேரக்குழந்தையோட வருது என்று கேட்டார். நான் அங்கேயே டயர் மேல் உட்கார்ந்துதான் இருந்தேன்.

புதுப் பேட் போட்டவுடன் அது டிஸ்க்கோடு பழக வேண்டுமாம், நல்ல வேகத்தில் போய், முழுக்க நிறுத்தாமல் வேகத்தை மட்டும் குறைத்து, மறுபடி போய் மறுபடி குறைத்து, பத்துத் தடவை அப்படிச் செய்யச் சொன்னார் மெதுவா. கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிற காலிச் சாலையில் இரண்டு சாயங்காலம் அப்பாவும் நானும் மட்டும் போனோம், நான் எண்ணிக்கொண்டு வந்தேன். உண்மையைச் சொன்னால் இந்த வருஷத்திலேயே எனக்கு நல்ல சாயங்காலங்கள் அவைதான். ஆனால் ஆறாவது தடவையிலேயே அப்பா பேச்சில் நீ வந்துவிட்டாய், பெரியவளுக்கு இதே ரோட்டுலதான் வண்டி ஓட்டக் கத்துக் கொடுத்தேன், உன் வயசுல ஸ்டியரிங்கைப் பிடிச்சா, ஒரு தடவைகூட இன்ஜினை நிறுத்தலை தெரியுமா என்றார். எனக்கும் கற்றுக் கொடுங்கள் என்றேன். நீ எண்ணு, எத்தனை ஆச்சு என்றார். ஏழு என்றேன். எட்டு ஆகியிருந்தது, வேண்டுமென்றே ஒன்றைக் குறைத்துச் சொன்னேன், இன்னும் ஒரு தடவை கூடப் போகலாம் என்று.

நான் உன் பழைய சைக்கிளில் போனேன், உன் பழைய பையைத் தோளில் மாட்டினேன், உன் பெயர் சுரண்டிய ஜியோமெட்ரி பாக்ஸில் என் காம்பஸ் இருக்கிறது, நீ போய் நான்கு வருஷம் ஆகியும் நான் படுக்கிற அறைக்கு அக்கா ரூம் என்றுதான் பெயர். இதற்கெல்லாம் நான் பழகிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் அந்த விளக்கு மறுபடி எரிந்தது. அப்பா முகம் விழுந்துவிட்டது. அப்போது பார்த்து ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது என்று போன் வந்தது, கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனது. போகும்போது, பெரியவ வர்றதுக்குள்ள இது என்ன ரோதனை என்றார். நான் கார் கொட்டகைக்குப் போய் பானட்டைத் தூக்கினேன். மெதுவா செய்தபோது பார்த்திருக்கிறேன், வெள்ளைப் பிளாஸ்டிக்கில் சின்னத் தொட்டி, மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, புதுக் குழாய்களுக்குள் இறங்கியதாலோ என்னவோ ஆயில் கீழ்க் கோட்டுக்கும் கீழே நின்றது. இதைச் சரி செய்துவிட்டால் அப்பா வந்து பார்த்து, அட, சின்னது பண்ணிடுச்சே என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்வார் என்று நினைத்தேன், அந்த வாக்கியத்தை அவர் குரலிலேயே கேட்டுக்கொண்டு நின்றேன். அலமாரியில் அப்பாவின் லிஃப்ட் எண்ணெய் இருந்தது, லிஃப்ட் ஏறி இறங்குகிற இரும்புத் தண்டவாளத்துக்குப் போடுவாரே, தேன் நிறத்தில், அந்த டப்பா. இதைப் போட்டா எந்த மெஷினும் வாயைத் திறக்காது என்று அவர் சொல்லாத நாள் கிடையாது, வீட்டுக் கதவுக் கீலுக்கும் அதுதான், அம்மாவின் தையல் மெஷினுக்கும் அதுதான், உன் சைக்கிள் செயினுக்கும் அதுதான். அக்கா, அதைத்தான் ஊற்றினேன். மேல் கோடு வரைக்கும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ஊற்றி, மூடியைத் துடைத்து மூடினேன். சாவியைப் போட்டுப் பார்த்தேன், விளக்கு அணைந்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் சரி செய்த முதல் மெஷின் என்று நினைத்தேன்.

அப்பா ராத்திரி களைத்து வந்தார், வந்ததும் வண்டியைத்தான் பார்த்தார், விளக்கு இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவைக் கூப்பிட்டு, "பாத்தியா, தானா அணைஞ்சிடுச்சு. பெரியவ வர்ற ராசி" என்றார்.  அப்போது பயமில்லை, வெறும் கோபம். சரி, உன் ராசியாகவே இருக்கட்டும், நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை என்று போய்ப் படுத்துக்கொண்டேன். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அதே வண்டியில்தான் பள்ளிக்கூடம் போனேன், பெடல் கொஞ்சம் கெட்டியா இருக்கே என்று அப்பா ஒரு தடவை சொல்லிவிட்டு, புதுசுன்னா அப்படித்தான் என்று தனக்குத்தானே பதிலும் சொல்லிக்கொண்டார்.

இன்று மத்தியானம் பேனா வாங்கப் போனவள் மெதுவா கடைப் பக்கம் போனேன். நம் கொட்டகை அலமாரியில் பிரேக் ஆயில் என்று எழுதிய சின்ன டப்பாவைக் காலையில்தான் பார்த்திருந்தேன், சீல் உடைக்காமல் ஓரத்தில் இருந்தது, அது மனதுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அறிவியல் பாடத்துக்கு என்று சொல்லி, பிரேக் ஆயில் தொட்டியில் வேறு எண்ணெய் விட்டால் என்ன ஆகும் அண்ணா என்று கேட்டேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். உள்ளே இருக்கிற ரப்பரெல்லாம் ஊறி உப்பிவிடும் என்றார், முதலில் பெடல் கெட்டியாகத் தெரியும், பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டு சூடேறும், பிறகு என்றைக்காவது இறக்கத்தில் மிதித்தால் கால் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், வண்டி நிற்காது என்றார். கொஞ்சமாக விட்டால் என்று கேட்டேன். "கொஞ்சம், நிறைய எல்லாம் கிடையாதும்மா. அந்த வண்டியை ஒரு அடி நகத்தக் கூடாது" என்றார். உள்ளே இருக்கிற ரப்பர் எல்லாவற்றையும் கழற்றி எறிய வேண்டுமாம். எந்தப் புத்தகத்துல இதெல்லாம் கேக்குறாங்க என்று சிரித்தார். நான் வீடு வரைக்கும் ஓடி வந்தேன், பேனா வாங்கவே இல்லை, இது அம்மாவின் பேனா.

வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். அப்பா காரைத் துடைத்துக்கொண்டிருந்தார், உன் படத்தைப் பசை தடவி இப்போது முன் கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருக்கிறார், அதைத் துடைக்கத் தனியாக ஒரு துணி. சொன்னால், பெரியவ இந்த வயசுல என்று ஆரம்பிப்பார் என்று தோன்றியது. பயத்தைவிட அதுதான் என் வாயை அடைத்தது, நீ என்னை அடித்தாலும் பரவாயில்லை, உண்மை அதுதான். சாப்பிட்ட பிறகு கடிதம் எழுத உட்கார்ந்தோம். ஆணி அடித்த மாதிரி நிற்கிறது என்று அவர் சொன்னபோது என் கை நின்றுவிட்டது. என்ன சின்னது, பேனா மக்கர் பண்ணுதா என்றார். ஆமாம் என்று உதறிவிட்டு அந்த வரியை எழுதினேன். மேலே பார், ஆணி என்கிற இடத்தில் மை கொட்டியிருக்கும். இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். மெதுவா கடையிலிருந்து ஓடி வரும்போது ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், வண்டி கெட்டுப் போனால் அப்பா உன்னை அழைக்க ரயிலடிக்கு வர முடியாது, நீயும் வர வேண்டாம் என்று ஆகிவிடும், நல்லதுதான் என்று நினைத்தேன். அப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமை அம்மா முன் சீட்டில் உட்காரப் போகிறாள் என்பது நினைவுக்கு வந்தது. உன் பொறாமை பிடித்த தங்கைக்கு அம்மா ஞாபகம் இரண்டாவதாகத்தான் வந்தது.

இதை உனக்கு எழுதினால் உனக்குக் கிடைக்க எட்டு நாள் ஆகும், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் யாரிடமாவது முழுக்கச் சொல்லிவிட்டால்தான் கால் நகரும் போலிருந்தது. எழுதும்போது இன்னொன்று ஞாபகம் வந்தது. போன மாதம் ரயில்வே கேட் பக்கத்தில் வண்டி சரியாகப் பிடிக்காமல் முன்னால் நின்ற லாரியின் பின்னாலேயே போய்விட்டது, ஒரு முழம் இடைவெளியில் நின்றது. அப்பா அப்போது ஸ்டியரிங்கிலிருந்து இடது கையை எடுத்து என் நெஞ்சுக்குக் குறுக்கே நீட்டியிருந்தார், சீட் பெல்ட்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தார், வண்டி நின்ற பிறகும் எடுக்கவில்லை. உன் படம் அவர் கண்ணுக்கு நேராக இருந்தது, கை என் மேல் இருந்தது. வீட்டில் இதை யாரிடமும் சொல்லாதே என்றார். நானும் சொல்லவில்லை, அது எனக்கு மட்டும் கிடைத்தது என்பதால் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

சற்று நேரம் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டு வந்தேன் அக்கா. கால் சில்லிட்டுவிட்டது. அப்பாவின் வேலைப் பையில் ஒரு மஞ்சள் போர்டு இருக்குமே, பழுது, இயக்காதீர்கள் என்று சிவப்பில் எழுதியது. வேலை நடக்கும்போது லிஃப்ட் வாசலில் மாட்டுவது. அதற்குக் கீழே மாட்டியவர் என்று ஒரு கோடு இருக்கும், யார் மாட்டினாரோ அவர் பெயரை எழுத வேண்டும், அவர் கையால்தான் கழற்ற வேண்டும், முதலாளியே வந்தாலும் அவரைக் கூப்பிட்டுக் கேட்காமல் தொடக் கூடாது. முன்பொரு நாள் அவசரத்தில் ஒரு மேனேஜர் போர்டை எடுத்துவிட்டு லிஃப்டை ஓட்டியதில்தான் அப்பாவின் கூட்டாளிக்கு இரண்டு விரல் போயிற்று, அதிலிருந்து அப்பா அந்தப் போர்டு விஷயத்தில் யாருக்கும் ஒரு நிமிஷம் விட்டுக்கொடுத்ததில்லை. அந்தப் போர்டை எடுத்து ஸ்டியரிங்கில் மாட்டிவிட்டேன். மாட்டியவர் என்ற கோட்டில் சின்னது என்று எழுதினேன். லிஃப்ட் மோட்டார் ரூமில் தொங்குகிற மாதிரியே நம் காருக்கும் அப்பா ஒரு அட்டை வைத்திருக்கிறார், என்ன வேலை, எந்தத் தேதி, யார் செய்தது என்று. அதில் அவர் எழுதிய டிஸ்க், பேட், குழாய், ஆயில் எல்லாவற்றுக்கும் கீழே, புதன்கிழமை, தொட்டியில் லிஃப்ட் எண்ணெய், மேல் கோடு வரை, ஊற்றியது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து ஒரு மெஷினின் அட்டையில் வருவது இதுதான் முதல் தடவை. இப்படியா வர வேண்டும்.

இனி அப்பா காலையில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போவார், போர்டைப் பார்ப்பார், எவ்வளவு கோபம் வந்தாலும் அதைக் கழற்ற மாட்டார். என்னை எழுப்பித்தான் கேட்க வேண்டும். உன்னைக் கேட்க முடியாது அக்கா, மாட்டியது நான். எழுப்பும்போது அடித்தாலும் அடிக்கட்டும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போய்க் கட்டில் பார்க்கட்டும். ரயிலடிக்கு உன்னை அழைக்க அந்த வண்டி வருமா என்று எனக்குத் தெரியாது, ரப்பர் எல்லாம் மாற்ற மெதுவா எத்தனை நாள் எடுப்பாரோ, அவர் பெயரே மெதுவா. வரவில்லையென்றால் யாரைத் திட்ட வேண்டும் என்று உனக்கு இப்போது தெரியும். வந்தால், குழந்தையைப் பின் சீட்டில் நடுவில் உட்கார வை. முன் சீட்டைக் கேட்காதே, நீ வண்டியில் இருக்கும்போதும் ஒரே ஒரு தடவை அதில் நான் உட்கார்ந்து வருகிறேன்.

அப்பா வழக்கமாகச் சொல்வதை இனி எழுதுகிறேன். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நிறைய நாள் நிறைந்த மனதோடு இருக்க வேண்டும், குழந்தையை ஈரத் தலையோடு வெளியே கொண்டுபோகாதே, ரயில் டிக்கெட்டைக் கைப்பையில் வை, பெட்டியில் வைக்காதே. மறக்காமல் ஒரு பக்கமாவது எழுது, இந்த முறை எனக்கும் தனியாக.

இப்படிக்கு,
அப்பா சொன்னதையும் சொல்லாததையும் எழுதிய,
சின்னது

அப்பா, கீழே உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன். இந்தத் தடவை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.